பாசறையில் ஓர் இரவு: பழி எவரைச் சாரும்?

மகாபாரதம் ஐந்தாம் வேதம் எனப் பெரியோர்களால் போற்றப்படுகிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் உறுதிப்பொருள் நான்கையும் கதையின் வழியே விளக்கும் அப்பெருநூல், மனிதன் செய்யக்கூடிய மிகக் கொடிய செயல்களையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று, 18 நாள் போர் முடிந்த இரவில் பாண்டவர் பாசறையில் நிகழ்ந்த படுகொலை. அதனைக் கூறும் பகுதி சௌப்திக பருவம் எனப்படும். ‘சுப்தி’ என்ற வடசொல்லுக்கு உறக்கம் என்பது பொருள். உறங்கியோரைக் கொன்ற வரலாறு ஆதலின் அப்பெயர் அமைந்தது. வியாச பாரதத்தின் 18 பருவங்களுள் இது பத்தாவது. தமிழில் வில்லிபுத்தூரார் இயற்றிய பாரதம் பத்துப் பருவங்களோடு இப்பருவத்திலேயே நிறைவடைகிறது.

தமிழகத்தின் வட மாவட்டங்களில் உள்ள திரௌபதி அம்மன் திருக்கோயில்களில் பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்தும் நடைபெறுவதையும், படுகளத்தன்று துரியோதனனின் பெரிய மண்ணுருவம் கிடத்தப்படுவதையும் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். துரியோதனன் வீழ்ந்ததோடு தீமை ஒழிந்தது என்றே மனம் நிறைவு கொள்கிறது. ஆயின் அன்றிரவே, போர் முடிந்துவிட்டது என்று நம்பி ஆயுதங்களைக் களைந்து உறங்கிய வீரர்களும், திரௌபதியின் புதல்வர் ஐவரும் கொல்லப்பட்டனர்.

இப்பழி எவரைச் சாரும்? வாளெடுத்தவனையா, அவனைத் தளபதியாக்கியவனையா, வாயிலில் காவல் நின்றவர்களையா, காலத்தையா, கடவுளையா? பாரதம் இவ்வினாவை ஓரிடத்தில் எழுப்பி விட்டுவிடவில்லை. பல பருவங்களில், பலர் வாயிலாக, மீண்டும் மீண்டும் எழுப்புகிறது.

போருக்கு முன் செய்த உடன்படிக்கை

போர் தொடங்கும் முன் இரு படையினரும் கூடிச் சில விதிகளை வகுத்துக்கொண்டனர் என்று பீஷ்ம பருவம் கூறுகிறது. தேர்வீரன் தேர்வீரனோடும், யானைவீரன் யானைவீரனோடும் பொருதல் வேண்டும். வேறொருவரோடு போரிடுபவனையும், புறங்காட்டி ஓடுபவனையும், ஆயுதமும் கவசமும் இழந்தவனையும் தாக்கலாகாது. தேர்ப்பாகர், ஆயுதம் சுமப்போர், முரசறைவோர், சங்கூதுவோர் ஆகியோரைக் கொல்லலாகாது. போர்க்களத்திலும் கொலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதே இவ்விதிகளின் உட்கருத்து. போரில் காயமுற்றோரையும் சிறைப்பட்டோரையும் குடிமக்களையும் காக்க 1949-ஆம் ஆண்டு உலக நாடுகள் ஏற்ற ஜெனீவா உடன்படிக்கைகளின் நோக்கமும் இதுவே.

அவ்வுடன்படிக்கை காக்கப்படவில்லை. பத்தாம் நாள் சிகண்டியை முன்னிறுத்திப் பீஷ்மரை வீழ்த்தினர். பதின்மூன்றாம் நாள் தனித்து நின்ற அபிமன்யுவைப் பெருவீரர் பலர் சூழ்ந்து ஒழித்தனர். பதினான்காம் நாள் கையிழந்து, போரைத் துறந்து, உண்ணாநோன்பில் அமர்ந்திருந்த பூரிசிரவசுவைச் சாத்தகி வெட்டினான். பதினைந்தாம் நாள், மகன் இறந்தான் என்ற சொல்லைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணரின் தலையைத் திருட்டத்துய்மன் கொய்தான். பதினேழாம் நாள் தேர்ச்சக்கரம் புதைந்த நிலையில் கர்ணன் வீழ்ந்தான். பதினெட்டாம் நாள் கதாயுத விதிக்கு மாறாகப் பீமன் துரியோதனனின் தொடையை முறித்தான். ஒவ்வொரு மீறலுக்கும் முந்தைய மீறலே காரணமாகக் காட்டப்பட்டது.

ஆலமரத்தடியில் எழுந்த வாதம்

தொடை முறிந்து கிடந்த துரியோதனன், துரோணரின் மகன் அசுவத்தாமனைத் தன் படையின் தளபதியாக நியமித்தான். அப்போது படை என்று எஞ்சியிருந்தவர்கள் அசுவத்தாமன், அவனுடைய மாமனாகிய கிருபாசாரியார், யாதவ குலத்துக் கிருதவர்மன் ஆகிய மூவர் மட்டுமே. மூவரும் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் தங்கினர். மற்ற இருவரும் களைப்பால் உறங்க, அசுவத்தாமனுக்கு உறக்கம் வரவில்லை. மரத்தில் உறங்கிய காக்கைகளை ஓர் ஆந்தை ஓசையின்றி வந்து கொன்று குவித்ததை அவன் கண்டான். அதையே தனக்கு உபதேசமாகக் கொண்டான்.

எழுப்பப்பட்ட இருவரும் அவன் எண்ணத்தைக் கேட்டு நாணி, முதலில் மறுமொழி கூறாமல் இருந்தனர். பின்னர்க் கிருபர் நிதானமாக அறிவுரை கூறினார். உறங்குவோனையும், ஆயுதம் களைந்தோனையும், அடைக்கலம் என்றவனையும் கொல்வது அறமாகாது என்றார். இவ்விரவு உறங்கி எழுந்து, திருதராட்டிரரையும் காந்தாரியையும் விதுரரையும் கலந்து, அவர்கள் கூறும் வழியில் நடக்கலாம் என்றார். போரிடுவதாயின் பொழுது விடிந்தபின் நேருக்கு நேர் போரிடலாம், தாமும் உடன்வருவதாக உறுதி கூறினார்.

அசுவத்தாமன் தன் செயல் அறம் என்று வாதிடவில்லை என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அறத்தின் கரையை முதலில் உடைத்தவர்கள் பாண்டவர்களே என்பதுதான் அவன் வாதம். பீஷ்மரை, தன் தந்தையை, கர்ணனை, பூரிசிரவசுவை, துரியோதனனை எண்ணி எண்ணிச் சொன்னான். தந்தையைக் கொன்றவர்களை அழித்தபின் புழுவாகவோ பூச்சியாகவோ பிறக்க நேரினும் தனக்குச் சம்மதமே என்றான்.

அவன் கூறிய பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆயின் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அது அபிமன்யுவின் பெயர். அந்த இளைஞனைச் சூழ்ந்து நின்ற பெருவீரர்களுள் அசுவத்தாமனும் இருந்தான், கிருபரும் இருந்தார், கிருதவர்மனும் இருந்தான். பழிவாங்கப் புறப்படுபவன் பிறர் செய்த தீமைகளை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறான், தன் கை செய்ததை மட்டும் மறந்துவிடுகிறான். ஆலமரத்தடியில் அபிமன்யுவின் பெயரை அம்மூவரில் எவரும் உச்சரிக்கவில்லை.

வாயிலில் நின்றவர்கள்

நல்லுரை கூறிய கிருபர் அதன்பின் செய்தது யாது? அசுவத்தாமன் தேரேறிப் புறப்பட்டபோது அவரும் கிருதவர்மனும் பின்தொடர்ந்தனர். அவன் பாசறைக்குள் நுழைய, இருவரும் வாயிலில் நின்றனர். உள்ளே திருட்டத்துய்மன் உறக்கத்திலேயே பிடிக்கப்பட்டு, ஆயுதத்தால் இறக்கும் வீரமரணமும் மறுக்கப்பட்டு, மிதித்தே கொல்லப்பட்டான். திரௌபதியின் புதல்வர் ஐவரும் சிகண்டியும் மாண்டனர். அஞ்சி நடுங்கி, கூந்தல் அவிழ்ந்து, ஆயுதமின்றி, கைகூப்பியவாறு வெளியே ஓடிவந்தவர்களை வாயிலில் நின்ற இருவரும் கொன்றனர். அசுவத்தாமனுக்கு வெளிச்சம் உதவும் பொருட்டுப் பாசறையின் மூன்று இடங்களில் தீயும் மூட்டினர்.

கிருபர் தீமையை அறியாதவர் அல்லர். அறிந்தவர், எடுத்துச் சொன்னவர், தடுக்க முயன்றவர். ஆயினும் சொல் தோற்றபின் காலால் விலகி நிற்க அவரால் இயலவில்லை. தளபதியின் சொல், மருமகன் மீது கொண்ட பாசம், தோழமை, தோல்வியின் துயரம் ஆகிய யாவும் சேர்ந்து அவரை அவ்வாயிலில் நிறுத்தின. வாயிலில் இருவர் நில்லாதிருந்தால் பலர் தப்பியிருப்பர். பெருங்கொலைகள் வாளேந்திய ஒருவனால் மட்டும் நிகழ்வதில்லை. வாயில் காப்போரும் விளக்குப் பிடிப்போரும் இருந்தாலன்றி ஓரிரவில் ஒரு பாசறை அழிவதில்லை.

இறைவன் மீது பழி சாருமா?

பக்தர்களின் உள்ளத்தை இவ்வரலாற்றில் மிகவும் வருத்தும் பகுதி ஒன்று உண்டு. பாசறை வாயிலில் பேருருவம் ஒன்று அசுவத்தாமனைத் தடுத்து, அவன் எய்த படைக்கலங்கள் அனைத்தையும் விழுங்கியது. அப்போது அவனுக்குக் கிருபரின் அறிவுரை நினைவுக்கு வந்தது. ஆயினும் அவன் திரும்பவில்லை. சிவபெருமானைத் துதித்து, தன்னையே வேள்விப் பொருளாகத் தீயில் இட முற்பட்டான். இறைவன் தோன்றி, பாஞ்சாலர்களைத் தாம் இதுவரை காத்ததையும், அவர்களுடைய காலம் முடிந்துவிட்டதையும் கூறி, அவனுக்கு வாள் ஒன்றை அளித்தருளினார் என்கிறது நூல். கண்ணபிரானோ பாண்டவர் ஐவரையும் சாத்தகியையும் அன்றிரவு பாசறைக்கு வெளியே தங்கச் செய்திருந்தார். எனில் இறைவனே கொலைக்கு உடன்பட்டார் என்று கொள்ளலாமா?

இவ்வினாவைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. காந்தாரியே கேட்டிருக்கிறாள். நூறு புதல்வரை இழந்த அத்தாய், தடுக்கும் வல்லமை இருந்தும் குலநாசத்தைப் பாராமுகமாக விட்டுவிட்டாய் என்று கண்ணனைக் குற்றம் சாட்டி, 36 ஆண்டுகளுக்குப் பின் யாதவ குலமும் தம்முள் பொருது அழியும் எனச் சபித்தாள். கண்ணன் சினங்கொள்ளவில்லை. சாபத்தைப் புன்னகையோடு ஏற்றான். அதே வேளையில், துரியோதனனின் தீச்செயல்களைப் பொறுத்து வளர்த்த பழியைப் பிறர்மீது சுமத்தலாகாது என்பதையும் அவளுக்கு உணர்த்தினான். சாபத்தை ஏற்றுக்கொண்டதும், அவளுடைய பொறுப்பைச் சுட்டிக்காட்டியதும் ஒரே உரையாடலில் நிகழ்ந்தன.

சாந்தி பருவத்தில், இத்தனை உயிர்கள் தன்னால் மடிந்தனவே என்று கலங்கிய தருமபுத்திரரிடம் வியாசர் இதனையே வேறு வகையில் ஆராய்கிறார். செய்பவன் இறைவனா, மனிதனா, தற்செயலா, முன்வினையா? காட்டில் ஒருவன் மரத்தை வெட்டினால் பாவம் வெட்டியவனுக்கா, கோடரிக்கா? இறைவனே செய்விக்கிறான் எனில் மனிதன் வெறும் கோடரி ஆகிறான், பயனும் இறைவனையே சேரும். இவ்வாறு ஆறுதல் கூறிய வியாசர் அத்தோடு நிறுத்தவில்லை. மனம் அமைதியுறவில்லை எனில் பிராயச்சித்தம் செய்க என்று அதன் வழிகளையும் விளக்கினார். பழியே இல்லையெனில் பிராயச்சித்தம் எதற்கு?

மேலும், கோடரிக்கு நள்ளிரவில் உறக்கம் கெடுவதில்லை. அறிவுரை கூற அதற்கு ஒரு மாமன் இல்லை. வாயிலில் தடை கண்டு, திரும்பலாமா என்று அது எண்ணுவதும் இல்லை. அசுவத்தாமனுக்கு இம்மூன்றும் வாய்த்தன. கொலையைத் தடுக்க வந்த உருவத்தையும் அவன் கண்டான், வரம் தர வந்த உருவத்தையும் கண்டான். கேட்டது அவன், கேட்ட பொருள் வாள். பாஞ்சாலர்களின் காலம் முடிந்தது என்று கூறும் அதே நூல், அசுவத்தாமன் குற்றவாளி என்றும் கூறுகிறது. விதி என்பது அவனுக்கு விடுதலை அளித்திருந்தால், அடுத்து வந்த சாபத்திற்கு இடமே இருந்திராது.

தீர்ப்பும் தாயும்

தப்பி வந்த தேர்ப்பாகன் வாயிலாகச் செய்தி தெரிந்ததும் திரௌபதி உண்ணாநோன்பு மேற்கொண்டாள். பாண்டவர்கள் தேடிச் சென்றபோது அசுவத்தாமன் கங்கைக் கரையில் வியாசரின் அருகே அமர்ந்திருந்தான். பாண்டவ வம்சமே அழிக என ஒரு புல்லைக் கொண்டு பிரமசிர அத்திரத்தை ஏவினான். அர்ச்சுனனும் எதிர் அத்திரம் விடுத்தான். உலகம் அழியாதிருக்க நாரதரும் வியாசரும் இடையில் நின்றனர். அர்ச்சுனன் தன் அத்திரத்தை மீட்டான். அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. அவன் அதனைப் பாண்டவ மகளிரின் கருவின்மீது திருப்பினான். உத்தரையின் வயிற்றிலிருந்த, பிறவாத சிசுவும் அவனுக்குப் பகையாயிற்று.

கண்ணபிரான் விதித்த தண்டனை மரணம் அன்று. 3,000 ஆண்டுகள் உடலில் நிணமும் குருதியும் நாற, உரையாட ஒருவரும் இன்றி, காடுகளில் தனித்துத் திரிவாய் என்பதே அது. வியாசரும் அதனை வழிமொழிந்தார். அவனுடைய நெற்றிமணி திரௌபதியிடம் சேர்ந்தது. குருவின் மகனும் குருவுக்கு ஒப்பானவன் என்று அமைந்த அவள், அம்மணியைத் தருமபுத்திரர் அணியச் செய்தாள்.

ஸ்ரீமத் பாகவதம் இந்நிகழ்ச்சியை வேறுவிதமாகக் கூறுகிறது. அர்ச்சுனன் அசுவத்தாமனைக் கட்டி இழுத்து வந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான். ஐந்து புதல்வரை இழந்த அத்தாய், இவனை விட்டுவிடுங்கள் என்கிறாள். தான் அழுவதுபோல் இவனுடைய தாய் கிருபியும் அழ வேண்டாம் என்பது அவள் கூறிய காரணம். குற்றம் இல்லை என்று அவள் கூறவில்லை. பழிக்குப் பழி என்று 18 நாட்கள் நீண்ட சங்கிலியைத் தன் துயரத்தோடு நிறுத்தினாள். அசுவத்தாமன் தன் தந்தைக்காக அழுதபோது இன்னொருவர் மகனை நினைக்கவில்லை. திரௌபதி தன் மக்களுக்காக அழுதபோது இன்னொரு தாயை நினைத்தாள்.

பிரபாசத்தில் மீண்டும் எழுந்த வழக்கு

தீர்ப்பு வழங்கப்பட்டும் வழக்கு முடியவில்லை. 36 ஆண்டுகளுக்குப் பின் பிரபாச தீர்த்தத்தில் யாதவர்கள் மதுமயக்கத்தில் கூடியிருந்தபோது, உறங்குவோரைக் கொன்றவன் என்று கிருதவர்மனைச் சாத்தகி பழித்தான். நோன்பில் அமர்ந்திருந்த பூரிசிரவசுவை வெட்டியவன் நீயல்லவா என்று கிருதவர்மன் திருப்பிக் கேட்டான். இருவர் கூற்றும் உண்மை. இருவருமே தம் குற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. சாத்தகி வாளெடுத்துக் கிருதவர்மனின் தலையை வெட்ட, கூட்டம் இரண்டாகப் பிரிந்து, யாதவ குலமே அழிந்தது. ஒப்புக்கொள்ளப்படாத பழி ஒரு தலைமுறைக்குப் பின்னும் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது.

அறத்தின் பக்கம் நின்றவர்களுக்கும் விலக்கு இல்லை. ஐந்து ஊர்கள் தந்தாலும் போதும் என்று கேட்டும், ஊசிமுனை நிலமும் தர மறுத்துப் போரை வருவித்தவன் துரியோதனன். எனவே போரைத் தொடங்கிய பழி அவனையும், கண்டும் காணாதிருந்த திருதராட்டிரரையும் சாரும். ஆயினும் போருக்குள் சொன்ன ஒரு பொய்க்காகத் தருமபுத்திரரும் நரகத்தைக் காண நேர்ந்தது என்று சுவர்க்காரோகண பருவம் கூறுகிறது. போரைத் தொடங்கியது யார் என்பது ஒரு வினா, போருக்குள் ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பது மற்றொரு வினா. ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்கு விடையாகாது.

நம் காலத்தில் எழுந்த அதே வினா

இரண்டாம் உலகப் போரில் சுமார் 60 லட்சம் யூதர்களும் வேறு பல லட்சம் மக்களும் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1945 நவம்பர் 20 அன்று பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் விசாரணை தொடங்கியது. 1946 அக்டோபர் 1 அன்று நிறைவுற்ற தீர்ப்பில் 12 பேருக்கு மரண தண்டனையும், 7 பேருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன, 3 பேர் விடுவிக்கப்பட்டனர். மேலிடத்து ஆணைப்படியே செய்தோம் என்பது குற்றவாளிகள் பலரின் வாதமாக இருந்தது. ஆணை என்பது தண்டனையைக் குறைக்கக் கருதப்படலாமேயன்றிப் பழியை நீக்காது என்று தீர்ப்பாயத்தின் சாசனம் முன்பே வகுத்திருந்தது. ஆக்கிரமிப்புப் போரைத் தொடங்குவதே தலையாய குற்றம், ஏனைய கொடுமைகள் அதனுள்ளிருந்தே பிறக்கின்றன என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

அடுத்து டோக்கியோவில் 1946 முதல் 1948 வரை நடைபெற்ற விசாரணையில் 11 நீதிபதிகளுள் ஒருவராக இந்தியாவின் ராதாபினோத் பால் அமர்ந்தார். வென்றவர்கள் தோற்றவர்களை மட்டும் விசாரிப்பது நீதியாகுமா என்று வினவி, குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அணுகுண்டு வீச்சையும் அதில் சுட்டிக்காட்டினார். ஆயினும் ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகள் நிகழவே இல்லை என்று அவர் கூறவில்லை. அவற்றுக்கான சான்றுகள் வலுவானவை என்றே ஒப்பினார். அவருடைய முடிவு இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. எதிரியும் பிழை செய்தான் என்பது எதிரியையும் விசாரிக்கக் காரணமாகலாம். உறங்கியவனின் குருதியை அது கழுவாது.

பங்கிட்டும் குறையாத பழி

சொத்தைப் பலர் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். பழியின் கணக்கு அத்தகையது அன்று. ஆணையிட்டவன், வாளெடுத்தவன், வாயிலில் நின்றவன், தீ மூட்டியவன் என நால்வர் சேர்ந்து செய்த கொலையில் எவருக்கும் கால்பங்கு வருவதில்லை. அவரவர் செய்தது அவரவருக்கு முழுமையாகவே சாரும்.

கிருபரின் பிற்கால வாழ்வையும் இங்கே நினைத்தல் தகும். உத்தரையின் குழந்தை உயிரற்றுப் பிறந்தபோது கண்ணபிரான் தம் சத்தியத்தின் ஆற்றலால் அதனை உயிர்ப்பித்தருளினார். அக்குழந்தையே பரீட்சித்து மன்னர். பாண்டவர்கள் நாடு துறந்து புறப்பட்டபோது அவ்விளவலைச் சீடனாக ஒப்படைத்தது கிருபரிடமே. அன்று வாயிலில் நின்ற கைகள், அந்த இரவிலிருந்து எஞ்சிய ஒரே தளிருக்கு வில்வித்தை கற்பித்தன. இதனைத் தண்டனை என்றும் நூல் கூறவில்லை, மன்னிப்பு என்றும் கூறவில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் அம்முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்வதினும் பெரிய பிராயச்சித்தம் அவருக்கு வேறொன்று இருந்திருக்க இயலாது.

தீமைக்கு அழைக்கப்படும் வேளை எவருக்கும் வரலாம். அவ்வேளையில் கிருபரின் சொல்லை மட்டுமன்றி, அவரால் எடுத்து வைக்க இயலாத அந்த ஓர் அடியையும் எடுத்து வைக்கும் உறுதியை இறைவனிடம் வேண்டுதல் நலம்.

சிந்தனைக்கு

1. அசுவத்தாமன் கூறிய பட்டியலில் விடுபட்ட பெயர் எது? அது ஏன் விடுபட்டது?
2. நல்லுரை கூறியபின்னும் கிருபர் வாயிலில் நின்றது ஏன்?
3. வியாசர் கூறிய கோடரி உவமையிலிருந்து மனிதன் எவ்வகையில் வேறுபடுகிறான்?
4. பாகவதத்தில் திரௌபதி காட்டிய கருணை, குற்றத்தை மறுப்பது ஆகுமா?